வேகத்தை நிறுக்கும் தராசு

சென்ற வருஷம் தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த மாடியில் இரண்டு இளைஞர்கள் உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அந்த வீட்டுப் பிள்ளை. மற்றவன் அவனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் சினேகிதன். "வினாடிக்கு அஞ்சு லட்சம்!" என்று ஒருவன் கத்த, "உனக்கு அத்தனை லட்சம் எதுக்குடா?" என்று மற்றவன் கேட்டான். ஏதோ பெரிய கொடுக்கல் வாங்கல் விவகாரம் என்று பயந்து, கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

விவகாரம் பணம் அல்ல, வேகம். ஒரு ஜவுளிக் கடைக்கு அவர்கள் வலைத்தளம் அமைத்துக் கொடுக்கிறார்கள். தீபாவளிக் கூட்டம் கடைத் தெருவுக்கு மட்டுமா வருகிறது? வலைத்தளத்துக்கும் வருகிறது. அந்தக் கூட்டத்தைத் தாங்க எந்த 'ஃப்ரேம்வொர்க்' நல்லது என்பதுதான் தர்க்கம்.

"நீங்களே சொல்லுங்க சார்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னை மத்தியஸ்தன் ஆக்கிவிட்டான். கைபேசியை நீட்டினான். அதில் வண்ண வண்ணக் கோடுகளாக ஒரு பட்டியல். "இது உலகம் பூரா பார்க்கிற பெஞ்ச்மார்க். நாங்க இப்போ வச்சிருக்கிறது நூறாவது இடத்துக்கும் கீழே கிடக்கு. நான் சொல்றது முதல் பத்துக்குள்ளே."

"பட்டியல்லே ஓடுறது வேற, நம்ம கடையிலே ஓடுறது வேற" என்றான் சினேகிதன்.

கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? "தம்பி, காலையில் நிதானமாகப் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மறு வாரம் கம்பெனியில் பட்டியல் ஜெயித்தது. தோற்ற சினேகிதனை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையே இல்லை என்று பிள்ளையின் தாயார் வருத்தத்தோடு சொன்னார். பள்ளிக்கூட நாளிலிருந்து சினேகிதர்களாம்.

ஒரு பட்டியல் இரண்டு சினேகிதர்களைப் பிரித்துவிட்டதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் எப்படி அளந்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருந்தது.

*

'சர்வர்' என்றால் நம் ஊரில் ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிறவர். வலைத்தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதே பெயர்தான், பொருத்தமான பெயரும்கூட. கேட்டதைப் புரிந்துகொண்டு, உள்ளே போய் எடுத்து, ஒழுங்காகத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இரண்டு சர்வர்களுக்கும் வேலை. இந்த வேலைகளை ஒவ்வொரு தளத்துக்கும் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் கட்டி வருமா? ஆகவே எல்லாருக்கும் பொதுவானவற்றை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குத்தான் ஃப்ரேம்வொர்க் என்று பெயர். ஜாங்கோ, ரெயில்ஸ், லாரவெல், ஸ்பிரிங் என்று பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்தர்களும் உண்டு. எந்த ஏற்பாட்டில் ஓட்டல் நடத்தினால் ஒரு மணி நேரத்தில் அதிகம் பேரைச் சாப்பிட்டு எழச் செய்யலாம் என்று அளந்து பார்ப்பதுதான் பெஞ்ச்மார்க்.

அந்தச் சொல் முதலில் நில அளவைக்காரர்களுடையது. மட்டம் பார்க்கிறவர்கள் கல்லிலோ சுவரிலோ ஒரு கோடு செதுக்கி வைப்பார்கள். மற்ற இடங்களெல்லாம் அதற்கு எத்தனை அடி மேலே, எத்தனை அடி கீழே என்று கணக்கிடுவார்கள். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதுதான் அதன் மதிப்பு. கம்ப்யூட்டர்க்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கையில் கோடு ஒரே இடத்தில் நிற்கவில்லை.

1972-ல் இங்கிலாந்தில் ஹரால்ட் கர்னோ என்பவர் ஒரு சிறு புரோகிராம் எழுதினார். விஞ்ஞானக் கணக்குகளில் கூட்டல் எத்தனை வருகிறது, பெருக்கல் எத்தனை வருகிறது என்று பிரையன் விக்மன் திரட்டி வைத்திருந்த விவரங்களை எடுத்து, அதே விகிதத்தில் கலந்து செய்த மாதிரிக் கணக்கு அது. வெட்ஸ்டோன் என்ற ஊரில் உருவான ஒரு கம்பைலரின் வழியாக அந்த விவரங்கள் கிடைத்ததால், புரோகிராமுக்கும் 'வெட்ஸ்டோன்' என்றே பெயர் நிலைத்தது. அந்தச் சொல்லுக்குச் சாணைக்கல் என்று அர்த்தம். 1984-ல் ராய்ன்ஹோல்ட் வைக்கர் என்பவர் இன்னொரு மாதிரியைச் செய்தார். 'வெட்' என்பது ஆங்கிலத்தில் ஈரம் என்றும் காதில் விழும் அல்லவா? அதனால் இவர் தம்முடையதற்கு உலர்ந்த கல் என்று தொனிக்கும்படி 'டிரைஸ்டோன்' என்று பெயர் வைத்தார். கணக்கர்களுக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி இருக்கத்தான் செய்கிறது!

பெயரில் இருந்த விளையாட்டு நடப்பிலும் புகுந்தது. கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனிகள் டிரைஸ்டோன் எண்ணை விளம்பரத்தில் போட ஆரம்பித்ததும், அந்த எண்ணைப் பெரிதாக்குவதே ஒரு தொழிலாயிற்று. மாதிரிக் கணக்கில் வரும் விடையை யாரும் பயன்படுத்துவதில்லை என்று கெட்டிக்காரக் கம்பைலர்கள் கண்டுகொண்டன. பயன்படுத்தாத விடைக்காகக் கணக்கு எதற்கு? கணக்கையே விட்டுவிட்டு, போட்டுவிட்டதாகச் சொல்லிவிடலாமே! பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்ட மாணவன் கதைதான். 1988-ல் டிரைஸ்டோனைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

அதே 1988-ல் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில சேர்ந்து 'ஸ்பெக்' என்ற பொதுச் சபையை நிறுவின. மாதிரிக் கணக்கு வேண்டாம், மெய்யான புரோகிராம்களையே ஓட்டிப் பார்ப்போம் என்றார்கள். அடுத்த வருஷம் வெளியிட்ட தொகுப்பில் 'மேட்ரிக்ஸ்300' என்று ஒன்று இருந்தது. அது ஓடும் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஒரே ஒரு வரியில்தான் கழிகிறது என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு வரியை வேகமாக்கும்படி கம்பைலர்களைத் தீட்டினார்கள். எண்கள் விண்ணுக்குப் போயின. மற்ற வேலைகளில் யந்திரத்தின் வேகம் இருந்தபடியே இருந்தது. 1992-ல் வந்த தொகுப்பிலிருந்து மேட்ரிக்ஸ்300-ஐ நீக்கிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், அளவையே வெளியில் சொல்லக்கூடாது என்றும் ஒரு கட்சி கிளம்பியது. 1983-ல் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டிவிட்டும் அவருடைய சகாக்களும் டேட்டாபேஸ்களை, அதாவது தகவல் கிடங்குகளை, ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவை அச்சிட்டார்கள். ஆரகிள் கம்பெனியின் சரக்கு அதில் நன்றாகத் தேறவில்லை. கம்பெனிக்குக் கோபம். பிற்பாடு, 'எங்கள் அனுமதியின்றி வேக அளவுகளை வெளியிடக் கூடாது' என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து ஏறியது. மற்றக் கம்பெனிகளும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. அதற்கு 'டிவிட் ஷரத்து' என்றே பெயர் வந்துவிட்டது. அளந்தவருக்குக் கிடைத்த அழியாப் புகழ் அது!

*

இதுவரை படித்ததில் அளவைகளின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சினேகிதன் கட்சிதான் சரி என்று முடிவு கட்டவிருந்த சமயத்தில் 1999-ஆம் வருஷத்துக் கதை கண்ணில் பட்டது.

அப்போது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் என்.டி.க்கும், பலர் கூடி இலவசமாக எழுதிவந்த லினக்ஸுக்கும் கடும் போட்டி. ஏப்ரல் மாதம் மைண்ட்கிராப்ட் என்ற பரிசோதனைக் கம்பெனி ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு பிராசஸர்களும் நான்கு நெட்வொர்க் கார்டுகளும் கொண்ட ஒரு டெல் யந்திரத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள். வலைப் பக்கங்களைப் பரிமாறுவதில் என்.டி. 3.7 மடங்கு வேகம். கோப்புகளைப் பரிமாறுவதில் 2.5 மடங்கு வேகம். பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது யார் என்றால் மைக்ரோசாப்ட்!

லினக்ஸ் கட்சிக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். பரிசோதனை நடந்ததே மைக்ரோசாப்டின் கூடத்தில்தான் என்று பிறகு தெரிய வந்தபோது கூச்சல் இன்னும் பெருகியது. என்.டி.யை நன்றாகச் சீவிச் சிங்காரித்து ஓடவிட்டு, லினக்ஸைத் தூங்கி எழுந்த கோலத்தில் ஓடவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. லினக்ஸைச் சரியாக அமைத்து மறுபடி ஓட்ட வேண்டும் என்றார்கள். ஜூன் மாதம் ஒரு பத்திரிகையின் பரிசோதனைக் கூடத்தில் மறுபோட்டி நடந்தது. லினக்ஸ் தரப்பு நிபுணர்கள் கூடவே இருந்து தங்கள் கையாலேயே எல்லாவற்றையும் சரிசெய்தார்கள்.

மறுபடியும் என்.டி.யே ஜெயித்தது. வித்தியாசம் குறைந்தது; தோல்வி மாறவில்லை.

மனிதர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு அளந்த அளவு என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் லினக்ஸை எழுதுகிறவர்கள், ஏன் தோற்றோம் என்று தங்கள் புரோகிராமைப் பிரித்துப் பார்த்தார்கள். உண்மையாகவே கோளாறு இருந்தது. பிராசஸர்கள் நான்கு இருந்தும், நெட்வொர்க்கிலிருந்து வருவதைக் கவனிக்கும் பகுதியில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் நுழைய முடியும். ஓட்டலில் நாலு சர்வர்கள். சமையலறைக்கு ஒற்றை ஆள் நுழையும் வாசல் ஒன்றே ஒன்று. ஒருவர் வெளியே வரும்வரை மற்ற மூவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அதோடு இன்னொரு வேடிக்கை. வாடிக்கைக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தால், சும்மா இருந்த சர்வர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடி வருவார்கள். ஒருவருக்குத்தான் வேலை, மற்றவர்கள் திரும்பிப் போய் உட்கார வேண்டும்.

இந்தக் குறைகளைத் திருத்தினார்கள். 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4-ல் வாசல் அகலமாயிற்று. ஆள் வந்தால் ஒருவர் மட்டும் எழுந்து போகும் ஒழுங்கும் வந்தது. அதற்கு முன்பே, 2000-ஆம் வருஷத்தில், ரெட் ஹாட் கம்பெனியில் இங்கோ மோல்னார் எழுதிய 'டக்ஸ்' என்ற வலைச் சர்வர் ஸ்பெக் சபையின் பரீட்சைக்கு வந்தது. நான்கு பிராசஸர் டெல் யந்திரத்தில் அது பெற்ற எண், விண்டோஸ் பெற்றதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எதிராளி காசு கொடுத்து எழுதி வாங்கிய அறிக்கைதான். அதனாலேயே அது பொய் ஆகிவிடவில்லை. தோற்றவர்கள் அதிலிருந்த மெய்யை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், மறுபோட்டிக்கு இடம் இருந்தது; தங்கள் புரோகிராமைப் பிரித்துப் பார்க்கும் உரிமையும் இருந்தது. டிவிட் ஷரத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கு இந்த இரண்டும் கிடையாது.

*

இனி அந்த வண்ணப் பட்டியலுக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் டெக்எம்பவர் என்று ஒரு கம்பெனி. பிறருக்கு வலைத்தளம் எழுதிக் கொடுப்பது தொழில். எந்த ஃப்ரேம்வொர்க்கை எடுப்பது என்ற கேள்வி அவர்களுக்கும் ஓயாமல் வந்திருக்கும். 2013 மார்ச் 28-ந் தேதி, 24 ஃப்ரேம்வொர்க்குகளை ஒரே மாதிரி வேலையில் ஓட்டிப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். முதலில் இருப்பதற்கும் கடைசியில் இருப்பதற்கும் வித்தியாசம் பல மடங்கு. கடைசியில் இருந்தவற்றின் பக்தர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, அவர்கள் சொந்தத்தில் எழுதிய ஃப்ரேம்வொர்க் ஒன்றும் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்தது!

ஆனால் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பரிசோதனைக்கு எழுதிய புரோகிராம்கள் எல்லாவற்றையும் கிட்ஹப் என்ற பொது இடத்தில் போட்டு, 'தப்பு இருந்தால் திருத்தி அனுப்புங்கள்' என்றார்கள். அந்தந்த ஃப்ரேம்வொர்க்கை அறிந்தவர்கள் திருத்தி அனுப்பினார்கள். ஏப்ரல் மாதத்திலேயே இரண்டாவது சுற்று வந்தது. சுற்றுக்குச் சுற்றுப் பட்டியல் வளர்ந்து, ஃப்ரேம்வொர்க்குகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. 2025-ல் இருபத்து மூன்றாவது சுற்று வெளியாயிற்று.

பரீட்சைகள் பல விதம். ஒன்றில் 'வணக்கம், உலகமே' என்ற பொருளில் ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். ஓட்டலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பது மாதிரி. இன்னொன்றில் பத்தாயிரம் வரி கொண்ட கிடங்கிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து வரவேண்டும். வேறொன்றில் இருபது தடவை கிடங்குக்குப் போய்வர வேண்டும். ஆக்கி வைத்ததை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கேட்கும்போதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது விதி.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஃபார்ச்சூன்ஸ்' என்ற பரீட்சை. கிடங்கில் பன்னிரண்டு வாசகங்கள் இருக்கும். அவற்றை எடுத்து, புதிதாக ஒன்று சேர்த்து, வரிசைப்படுத்தி, முழு வலைப்பக்கமாக்கித் தரவேண்டும். வாசகங்களில் ஒன்று ஜப்பானிய மொழியில் இருக்கிறது. பிற மொழி எழுத்தைச் சிதைக்காமல் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு. இன்னொன்று வேண்டுமென்றே வைத்த விஷமம்: வாசகம் போலத் தோன்றும் ஒரு சிறு புரோகிராம். அதை வெறும் எழுத்தாகக் காட்ட வேண்டுமே தவிர ஓடவிடக் கூடாது. ஓடவிட்டால் நாளைக்குத் திருடனும் அந்த வழியாகத்தான் வருவான். வேகமாகப் பரிமாறினால் போதாது, இலையில் கல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று கேட்கிற பரீட்சை இது.

தண்ணீர் டம்ளர் பரீட்சையில் என்ன ஆயிற்று தெரியுமா? கெட்டிக்காரர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் வினாடிக்கு எழுபது லட்சத்தைத் தொட்டார்கள். பல ஃப்ரேம்வொர்க்குகள் ஏறக்குறைய அதே எண்ணில் வந்து நின்றுவிட்டன. காரணம், கம்ப்யூட்டர்களை இணைத்த கம்பியில் அதற்கு மேல் கொள்ளாது! அளந்தது ஃப்ரேம்வொர்க்கை அல்ல, கம்பியின் கனத்தை. அதோடு அந்தப் பரீட்சையில் பதினாறு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிலுக்குக் காத்திராமல் அனுப்புவார்கள். நாம் உபயோகிக்கும் பிரவுசர்கள் அப்படிக் கேட்பதில்லை. போட்டிக்கென்றே தேவையற்றதை எல்லாம் கழித்துவிட்டு எழுதியவர்களும் உண்டு. டெக்எம்பவர்காரர்கள் அவற்றை மறைக்காமல், 'உரித்தது' என்ற பொருளில் தனி அடையாளம் போட்டுப் பட்டியலிட்டார்கள்.

இந்தப் பட்டியலுக்கும் ஒரு 1999 கதை உண்டு. மைக்ரோசாப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட், லினக்ஸில் மோனோ என்ற பிறர் எழுதிய துணையோடு ஓடியபோது, தண்ணீர் டம்ளர் பரீட்சையில் வினாடிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான். மைக்ரோசாப்ட்காரர்கள் அதைப் புதிதாக எழுதினார்கள். திறந்த வெளியில், எல்லாரும் பார்க்கும்படி எழுதினார்கள். 2016 நவம்பரில் வந்த பதின்மூன்றாவது சுற்றில் அது பதினெட்டு லட்சத்தைத் தாண்டியது. எந்த ஆசனத்தில் அமர்ந்து என்றால், லினக்ஸில்! பதினேழு வருஷத்துக்கு முன் எதை மட்டம் தட்டக் காசு கொடுத்து அறிக்கை வாங்கினார்களோ, அதன் மேலேயே ஏறி நின்று ஜெயித்தார்கள். சரித்திரத்துக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை வேண்டுமா?

*

தீபாவளி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வலைத்தளம் முதல் நாள் மாலையே திணறிவிட்டது. சேலைகளைப் பார்க்க வந்தவர்கள் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் கோபம், கம்பெனி முதலாளி கோபம். மூன்று இரவு பையன் வீட்டுக்கு வரவில்லை. வேலை போய்விடும் என்று தாயார் எங்கள் வீட்டில் வந்து கண்ணீர் விட்டார்.

மூன்றாம் நாள் பையன் வெட்கத்தை விட்டுச் சினேகிதனிடம் போயிருக்கிறான். சினேகிதன் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லையாம். எந்த வேலைக்கு எத்தனை நேரம் ஆகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதியிருக்கிறான். ஒரு பக்கத்தில் இருநூறு சேலைகள். ஒவ்வொரு சேலையின் விலைக்கும் கிடங்குக்குத் தனித்தனியாக ஒரு நடை! இருநூறு தடவை போய்வருகிறவன் எத்தனை வேகமாக நடந்தால்தான் என்ன? இருநூறையும் ஒரே நடையில் கொண்டுவரும்படி மாற்றினார்கள். அன்று இரவே வட்டம் சுற்றுவது நின்றது. ஃப்ரேம்வொர்க்கை யாரும் தொடவில்லை. பழையதையே வைத்திருந்தாலும் இதே திணறலும் இதே வைத்தியமும்தான்.

"அப்போ பட்டியல் பொய்தானே தம்பி?" என்று கேட்டேன்.

பையன் கொஞ்சம் யோசித்தான். "பொய் இல்லே சார். அதுலேயே, இருபது தடவை கிடங்குக்குப் போனா எவ்வளவு கெட்டிக்காரனும் எப்படிப் படுத்துடுறான்னு ஒரு பரீட்சை இருக்கு. நான் முதல் கோட்டை மட்டும் பார்த்துட்டு மூடிட்டேன்."

சினேகிதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். "நான் மட்டும் என்ன? 'வேற வேற'ன்னு சொன்னேனே தவிர, அன்னைக்கே நம்ம கடையை அளந்து காட்டலையே" என்றான்.

லினக்ஸ்காரர்கள் தோற்ற பிறகு செய்ததை இந்த இரண்டு பிள்ளைகளும் மூன்று இரவு தாமதமாகச் செய்தார்கள், அவ்வளவுதான். இப்போது பக்கத்து மாடியில் மறுபடியும் சத்தம் கேட்கிறது. இந்தத் தடவை ஏதோ டேட்டாபேஸ் விஷயமாம். "அளந்து பார்த்தியா?" என்று ஒருவன் கேட்பது அடிக்கடி காதில் விழுகிறது. நான் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்வி வருகிறவரை அவர்கள் சினேகத்துக்கு ஆபத்து இல்லை என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறேன்.